மெக்சிகோ இனிப்பு: மடத்து அடுப்பிலிருந்து தள்ளுவண்டி வரை

கேள்வி இதுதான்: “மெக்சிகோவின் பாரம்பரிய இனிப்புகள் எவை? சுரோஸ், ட்ரெஸ் லெச்சஸ் தவிர வேறு பெயர் தெரியவில்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் எதை நம்பி வாங்கலாம்? நம் வீட்டு அடுப்பில் செய்து பார்க்க முடிகிற மாதிரி ஏதாவது உண்டா?”

நான் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் கணிசமான பங்கை மிட்டாய்க் கடைகளில் கொடுத்தவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சிலவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம். அமெரிக்காவிலுள்ள மெக்சிகன் உணவகங்களில் கடைசியாக வரும் பொரித்த ஐஸ்கிரீமை மெக்சிகோவில் தேடி அலைய வேண்டாம். தேன் ஊற்றிய சோபப்பியா என்ற பொரித்த அப்பமும் எல்லைக்கு வடக்கே நியூ மெக்சிகோ மாநிலத்துப் பண்டம்தான். மூன்று வகைப் பாலில் ஊறவைத்த ட்ரெஸ் லெச்சஸ் கேக்கை மெக்சிகோவில் பிறந்தநாள் தவறாமல் வெட்டுகிறார்கள், உண்மை. ஆனால் டின்னில் அடைத்த பால் கடைக்கு வந்த பிறகு உருவான கேக் அது. நிக்கராகுவாக்காரர்களும் அதைத் தங்களுடையது என்பார்கள். சுரோஸ் என்ற பொரித்த மாவுக் குச்சி ஸ்பெயினிலிருந்து வந்தது. மெக்சிகோ நகரில் 1935இலிருந்து நடக்கும் எல் மோரோ கடையில் சூடான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிட்டால் அருமையாக இருக்கும். ஆனாலும் மெக்சிகோ இனிப்பின் முகம் அதுவல்ல.

அந்த முகத்தைப் பார்க்க உணவக மெனு உதவாது. சாப்பாடு முடிந்ததும் தட்டில் வைத்துப் பரிமாறும் இனிப்பு அங்கே சின்னப் பகுதிதான். பெரிய பகுதி சந்தையில், கோயில் வாசலில், பேருந்து நிலையத்தில், தள்ளுவண்டியில் இருக்கிறது. ஊருக்கு ஒரு மிட்டாய், பண்டிகைக்கு ஒரு பலகாரம். இன்னொரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மொத்தமும் விளங்கிவிடும். ஸ்பெயின்காரர்கள் செய்முறையைக் கொண்டுவந்தார்கள், பொருள் கப்பலில் வர வேண்டியிருந்தது. வராததற்குப் பதிலாகப் பக்கத்தில் எது கிடைத்ததோ அதைப் போட்டுச் செய்தார்கள். பாதாம் இல்லையா, பூசணி விதை. சீமை மாதுளை (குயின்ஸ் பழம்) போதவில்லையா, கொய்யா. இந்த மாற்றுச் சரக்குப் புத்தியில்தான் மெக்சிகோ இனிப்புகளில் பாதி பிறந்திருக்கின்றன.

ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்பே இனிப்பு இல்லாமலில்லை. கரும்புதான் கிடையாது. யுகாத்தானில் கொட்டாத தேனீக்களை வளர்த்துத் தேன் எடுத்தார்கள். நடு மெக்சிகோவில் மகேய் கற்றாழையின் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கினார்கள். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை வந்திருக்கும் மிட்டாய் அலெக்ரியா. அதைச் செய்வது அமராந்த்தில், நம் தண்டுக்கீரை வகையைச் சேர்ந்த ஒரு செடியின் விதை அது. கடுகை விடச் சின்னது. காய்ந்த கல்லில் ஒரு பிடி போட்டுச் சிறு துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் வெள்ளையாகப் பொரிந்துவிடும். கை ஓய்ந்தால் கருகிவிடும். பொரியைத் தேனும் வெல்லப்பாகும் கலந்து, மரச்சட்டத்தில் கொட்டி, அழுத்தி, மேலே நிலக்கடலை, பூசணி விதை, உலர்ந்த திராட்சை பதித்துத் துண்டு போடுகிறார்கள். மெக்சிகோ நகரின் தெற்கில் சொச்சிமில்கோ பகுதியிலுள்ள துல்யெஹுவால்கோ இதற்குப் பேர்போன ஊர்.

இந்த அப்பாவி மிட்டாய்க்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. அஸ்தெக்குகள் அமராந்த் மாவையும் மகேய் பாகையும் பிசைந்து தெய்வ உருவங்கள் செய்தார்கள். விழா முடிந்ததும் அந்த உருவத்தை உடைத்துப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த பெர்னார்தினோ தெ சஹாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். தெய்வத்தின் உடலைப் பங்கிட்டு உண்பது தங்கள் நற்கருணையைக் கேலி செய்வதுபோலப் பாதிரிமாருக்குத் தெரிந்தது. சடங்கை ஒடுக்கினார்கள், பயிரும் அதோடு சுருங்கியது. ஆனால் அழியவில்லை. இன்று மெட்ரோ ரயில் நிலைய வாசலில் சில பெசோவுக்கு விற்கிறது.

சரி, கரும்புக்கு வருவோம். 1521இல் அஸ்தெக் தலைநகர் வீழ்ந்த சில ஆண்டுகளிலேயே, அதைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் வெராகுருஸ் பக்கத்தில் கரும்பு நட்டு ஆலை போட்டுவிட்டார். பிறகு மொரேலோஸ் பள்ளத்தாக்கு முழுக்கக் கரும்பானது. அங்கே ஏழை வீட்டு இனிப்பு பிலோன்சியோ. கூம்பு அச்சில் வார்த்த வெல்லமேதான், வேறொன்றுமில்லை. கீழே எந்தச் செய்முறையில் பிலோன்சியோ வந்தாலும் நீங்கள் தயங்காமல் வெல்லத்தைப் போடலாம். பாகு வெல்லமாக இருந்தால் இன்னும் நல்லது.

அதோடு பட்டை. மெக்சிகோ சமையலறையில் பட்டை இல்லாத இனிப்பைக் காட்டுவது கடினம். அவர்கள் வாங்குவது நம் பிரியாணியில் போடும் தடித்த, முரட்டுப் பட்டை அல்ல. காகிதம் போல மெல்லிய சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இலங்கைக் கறுவா. இலங்கைக் கறுவாவை உலகத்திலேயே அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோதான். இந்த வித்தியாசம் முக்கியம். தடித்த பட்டையைப் போட்டுச் செய்தால் மெக்சிகோ இனிப்பு காரமாகவும் மருந்து வாசனையாகவும் போய்விடும். கறுவா கிடைக்காவிட்டால் அளவைப் பாதியாக்கிவிடுங்கள். ஏலக்காய் மட்டும் வேண்டாம், அது வேறு ஊருக்குப் போய்விடும்.

இப்போது புவெப்லா நகரம். காலனிக் காலத்தில் மெக்சிகோவின் கன்னிமாடங்கள் தான் மிட்டாய்த் தொழிற்சாலைகள். பணக்காரக் குடும்பத்துப் பெண்கள் துறவிகளாக வந்தார்கள், கூடவே உள்ளூர்ப் பணிப்பெண்கள் வந்தார்கள். சமையலறையில் ஸ்பெயின் செய்முறையும் உள்ளூர்க் கைப்பக்குவமும் ஒரே அடுப்பில் கூடின. செய்த மிட்டாய்கள் ஆயருக்கும் வைஸ்ராய்க்கும் புரவலர்களுக்கும் காணிக்கையாகப் போயின, விற்பனையும் நடந்தது. முட்டை மஞ்சளும் பாலும் மதுவும் சேர்ந்த ரொம்போப்பே என்ற பானமும் புவெப்லா மடத்தில் பிறந்ததுதான். (மஞ்சள் கரு இத்தனை செலவானால் வெள்ளைக் கரு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தேவாலயப் பலிபீடத்துத் தங்க முலாமுக்குப் பசையாகப் போனது என்பது அதில் ஒன்று.)

1860களில் சீர்திருத்தச் சட்டங்கள் மடங்களை மூடின. துறவிகள் வெளியேறினார்கள், அடுப்பு தெருவுக்கு வந்தது. புவெப்லாவின் கிழக்கு 6ஆம் தெருவை இன்றும் மிட்டாய்த் தெரு என்றே சொல்கிறார்கள். கடைக்குக் கடை ஒட்டியபடி இருக்கும். அங்கே வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று கமோத்தே. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, மசித்து, சர்க்கரையோடு கிளறி, எலுமிச்சையோ ஆரஞ்சோ அன்னாசியோ மணமூட்டி, சுருட்டு மாதிரி உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். பிறகு மேலே பாகு பூசிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். கடித்தால் மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மிருது.

இரண்டாவது சாந்தா கிளாராவின் தோர்த்தீத்தா. எனக்குப் புவெப்லாவிலேயே பிடித்தது இதுதான். விளிம்பு தூக்கிய சிறு பிஸ்கட், நடுவில் வெள்ளையாக மெழுகு போலப் பூச்சு. பார்த்தால் சர்க்கரைப் பூச்சு என்றுதான் நினைப்போம். அது பூசணி விதை. விதையை ஊறவைத்து, பச்சைத் தோலை முழுக்க உரித்து, வெண்ணெயாக அரைத்துச் சர்க்கரைப் பாகில் கிளறியது. பாதாம் விழுது வர வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்த பூசணி விதை. தோல் உரிக்கும் வேலையை நினைத்தால் விலையைப் பற்றிப் பேசத் தோன்றாது. ஹமோன்சியோ என்ற கட்டி மிட்டாயும் இதே விதையில் செய்வதுண்டு. வடக்கே அதே பெயரில் பாலில் செய்வார்கள், குழம்ப வேண்டாம்.

பாதாமுக்கு மாற்றாக வந்த இன்னொன்று நிலக்கடலை. ஐரோப்பாவில் பாதாமில் செய்யும் மசபான் மெக்சிகோவில் கடலையும் சர்க்கரையும் இடித்து வட்டமாக அழுத்தியதாக மாறிவிட்டது. குவாதலஹாராவின் தெ லா ரோசா நிறுவனத்து மசபான், உறையில் சிவப்பு ரோஜாவோடு நாடு முழுக்கப் பெட்டிக்கடைகளில் கிடைக்கும். அப்புறம் பலங்கேத்தா. வறுத்த கடலையை பிலோன்சியோ பாகில் போட்டு வட்டமாகத் தட்டியது. கோவில்பட்டிக்காரர் கையில் கொடுத்தால், பாகு பதம் கொஞ்சம் முற்றிவிட்டது என்று மட்டும் சொல்வார்.

இனி என் செல்லப் பண்டம், கஹேத்தா. குவானாஹுவாத்தோ மாநிலத்தில் செலாயா என்ற ஊர். சுற்றிலும் வறண்ட மேய்ச்சல் நிலம், மாட்டை விட ஆடு தாக்குப்பிடிக்கும் பூமி. ஆட்டுப்பால் மிஞ்சியது, கெடாமல் வைக்க வழி வேண்டியிருந்தது. சர்க்கரை போட்டுக் கெட்டியாகச் சுண்டக் காய்ச்சினார்கள். அந்தக் காலத்தில் சிறு வட்ட மரப்பெட்டிகளில் அடைத்து விற்றார்கள், இன்று கண்ணாடி புட்டி. கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள்: சாதா, நன்றாகக் கருக விட்டது, மது சேர்த்தது. மது வேண்டாதவர்கள் ‘என்வினாதா’ என்று எழுதிய புட்டியைத் தொடாதீர்கள். என் ஓட்டு கருகியதற்கு. லேசான கசப்பு இனிப்பை அடக்கி வைக்கும்.

வீட்டில் செய்யலாம், ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது. 2 லிட்டர் ஆட்டுப்பால், 450 கிராம் சர்க்கரை, ஒரு சுருள் கறுவா, ஒரு சிட்டிகை உப்பு. பெரிய பாத்திரமாக எடுங்கள், பாலின் அளவுக்கு மூன்று மடங்கு கொள்ள வேண்டும். பால் சூடேறி ஓரத்தில் நுரை கட்டும்போது அடுப்பிலிருந்து இறக்கி, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். குபீரென்று பொங்கும். இறக்காமல் ஊற்றினால் அடுப்பைத் துடைக்கும் வேலைதான். பொங்கல் அடங்கியதும் மறுபடி அடுப்பில் ஏற்றி மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சோடா எதற்கென்றால், பால் சுண்டச் சுண்ட அதன் புளிப்பும் செறிவாகும், ஆட்டுப்பால் சட்டென்று திரிந்துவிடும். சோடா அதைத் தடுக்கிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. பாலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறுவதை வேகப்படுத்துகிறது. அந்தச் செம்மரக் கலர் அதனால் வருவது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு தந்த நிறம், தேநீர் நிறம் என்று மெல்ல மாறும். நுரை பெரிய குமிழ்களாகத் தடித்து ‘புளக் புளக்’ என்று வெடிக்கத் தொடங்கினால் கடைசிக் கட்டம். அகப்பையால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிந்து பிறகு மூடினால் இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். சூட்டிலேயே சரியான பதம் வந்துவிட்டது என்றால் ஆறியபிறகு கரண்டி நிற்கும், அப்போது கொஞ்சம் சூடான பால் விட்டுத் தளர்த்தலாம். மெக்சிகோவில் இதைச் செம்புக் கொப்பரையில் செய்கிறார்கள், சூடு சீராகப் பரவும். நம் வீட்டில் அடி கனத்த எந்தப் பாத்திரமும் போதும். ஆட்டுப்பால் கிடைக்காவிட்டால் பசும்பாலில் செய்யுங்கள், நன்றாகவே வரும். அந்தக் கடைசி நெடி மட்டும் இருக்காது. அந்த நெடிக்காகத்தான் நான் ஆட்டுப்பால் தேடுவேன், சிலர் அதற்காகவே தவிர்ப்பார்கள்.

கஹேத்தாவை மெல்லிய ஓப்ளியா அப்பங்களுக்கு நடுவில் வைத்து விற்பார்கள். வடக்கே நுவெவோ லியோன் மாநிலத்து லினாரெஸ் ஊரில் காய்ச்சிய பாலை இன்னும் இறுக்கி, பீக்கான் கொட்டை சேர்த்து உருட்டி, சிவப்புத் தாளில் சுற்றி குளோரியா என்று விற்கிறார்கள். சாலைப் பயணத்தில் வாங்கினால் வீடு வந்து சேராது.

பழத்துக்கு மிச்சோவாகான் மாநிலம். அதன் தலைநகர் மொரேலியா ஆத்தே என்ற பழக்கட்டிக்குப் பேர்போனது. ஸ்பெயினில் சீமை மாதுளையில் செய்வதை இங்கே கொய்யா, மாம்பழம், பீச் என்று கிடைத்த பழத்திலெல்லாம் செய்கிறார்கள். பழக்கூழும் சர்க்கரையும் கிட்டத்தட்ட சம எடை. கொப்பரையில் சுருண்டு வரும்வரை கிளறி அச்சில் ஊற்றிக் காயவிட்டால் கத்தியால் வெட்டுகிற பதத்தில் நிற்கும். ஒரு துண்டு ஆத்தேயின் மேல் ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிடுவது வழக்கம். கேட்கும்போது ஒவ்வாது, வாயில் போட்டால் ஒத்துப்போகும். கட்டாயம் பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள். மொரேலியாவில் மிட்டாய்க்கென்றே ஒரு சந்தைக் கட்டடம் இருக்கிறது.

அதே மாநிலத்துச் சமோராவில் சொங்கோஸ். பாலை இளஞ்சூட்டில் உறையவைத்து, கத்தியால் கட்டம் போட்டு, சர்க்கரையும் கறுவாவும் தூவிச் சிறு தீயில் மணிக்கணக்கில் விடுவார்கள். திரிந்த பால் கட்டிகள் இறுகும், பிரிந்த தண்ணீர் பாகாகும். பல்லில் கீச்சென்று சத்தம் போடும் அந்தக் கட்டி எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. மெக்சிகோக்காரர்கள் இதற்காகச் சண்டைக்கு வருவார்கள், அதனால் மேலே போகலாம்.

பண்டிகைகளில் பெரியது நவம்பர் 1, 2ஆம் தேதிகளில் வரும் இறந்தோர் திருநாள். வீட்டில் படையல் மேடை அமைத்து, போனவர்களுக்குப் பிடித்ததை வைப்பார்கள். சர்க்கரை மண்டையோடுகளை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். தொலுக்கா நகரில் அதற்கென்றே ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது. உண்மையான கைவேலை எப்படியென்றால், எலுமிச்சை பிழிந்து காய்ச்சிய கொதிபாகை நனைத்த மண் அச்சில் ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் நடுவிலிருக்கும் பாகைத் திரும்பக் கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே குடைவாக, ஓடு மாதிரி ஒரு மண்டையோடு நிற்கும். காய்ந்த பிறகு கலர்ப் பாகால் பூவும் புருவமும் வரைந்து, நெற்றியில் பெயர் எழுதுவார்கள். உயிரோடிருக்கும் நண்பனின் பெயரை எழுதிப் பரிசாகக் கொடுப்பதும் சகஜம், யாரும் அதை அபசகுனமாக எடுத்துக்கொள்வதில்லை. சாப்பிட என்றால் அது வெறும் சர்க்கரை. நாக்குக்கு வேண்டியது பான் தெ முவெர்த்தோ ரொட்டி. ஆரஞ்சுப்பூ நீர் மணக்கும், மேலே எலும்பு வடிவில் மாவு உருட்டி வைத்திருக்கும்.

அதே படையலில் வைக்கும் பூசணி இனிப்புதான் வீட்டில் செய்ய மிக எளிது. பெயர் கலபாசா என் தாச்சா. நன்றாக முற்றிய பறங்கிக்காய் 1 கிலோ, தோலோடு பெரிய துண்டுகளாக. அடி கனத்த பாத்திரத்தில் முதல் அடுக்கைத் தோல் கீழே இருக்கும்படி பரப்புங்கள், அடுத்த அடுக்கைத் தோல் மேலே இருக்கும்படி. 400 கிராம் வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஒரு சுருள் கறுவா, இரண்டு கிராம்பு, ஒரு டம்ளர் தண்ணீர். கொய்யா இருந்தால் இரண்டைப் பிளந்து போடுங்கள், வாசனை ஆளைத் தூக்கும். மூடிவைத்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம். கரண்டியால் கிளறாதீர்கள், குழைந்துவிடும். பாகை மட்டும் அவ்வப்போது மேலே ஊற்றினால் போதும். இளம் காயாக இருந்தால், முன்னதாகச் சுண்ணாம்புத் தெளிநீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவிக்கொள்ளுங்கள். மெக்சிகோவிலும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. துண்டு உடையாமல் கண்ணாடி மாதிரி வரும். மறுநாள்தான் ருசி. ஒரு கிண்ணத்தில் போட்டுக் குளிர்ந்த பால் ஊற்றிக் காலையில் சாப்பிடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் புன்யுவேலோ. கோதுமை மாவை, முழங்காலில் துணி போர்த்தி அதன்மேல் இழுத்து இழுத்துப் பெரிய அப்பளமாக்கிப் பொரிப்பது பழைய முறை. மேலே கொய்யா சேர்த்த வெல்லப்பாகு. வஹாக்கா நகரில் மண் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், தின்று முடித்ததும் தட்டைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும்.

ஜனவரி 6ஆம் தேதி ரோஸ்கா தெ ரேயெஸ், வளைய ரொட்டி. உள்ளே குழந்தை இயேசு பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2ஆம் தேதி எல்லோருக்கும் தமாலே, அதாவது மக்காச்சோள மாவை இலையில் சுற்றி வேகவைத்த பண்டம், வாங்கித் தர வேண்டும். அலுவலகங்களில் பொம்மையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறவர்கள் பற்றிய நகைச்சுவை ஏராளம். இந்த ரொட்டியின் மேல் முன்பெல்லாம் அசித்ரோன் என்ற ஒளி ஊடுருவும் மிட்டாய்த் துண்டு வைப்பார்கள். அது பிஸ்னாகா என்ற உருண்டைக் கள்ளியின் சதையைப் பாகில் ஊறவைத்தது. கள்ளி வளர்ந்து பெரிதாகப் பல பத்தாண்டுகள் ஆகும், மிட்டாய்க்கு முழுச் செடியையும் வெட்ட வேண்டும். இப்போது அது சட்டப் பாதுகாப்பில் உள்ள செடி. அதனால் கடைக்காரர்கள் வண்ண வண்ண ஆத்தே கீற்றுகளை வைக்கிறார்கள். யாராவது ரகசியமாக அசித்ரோன் விற்றால் வாங்காதீர்கள்.

தவக்காலத்தில் கபிரோதாதா. காய்ந்துபோன ரொட்டியைத் துண்டு போட்டு வறுத்து, கறுவாவும் கிராம்பும் கொதித்த வெல்லப்பாகில் தோய்த்து, நடுநடுவே உப்புப் பாலாடைக்கட்டி, கடலை, உலர்ந்த திராட்சை தூவி அடுக்கிச் சுட்டெடுப்பது. ரொட்டி இயேசுவின் உடல், பாகு ரத்தம், கிராம்பு ஆணி, கறுவாப்பட்டை சிலுவை மரம் என்று பாட்டிகள் விளக்குவார்கள். பழைய பாணியில் செய்பவர்கள் பாகில் தக்காளியும் வெங்காயமும்கூடப் போடுகிறார்கள். பயப்பட வேண்டாம், பாகு ஆழமாகிறதே தவிர குழம்பு வாசனை வராது.

தெரு இனிப்புகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மெக்சிகோ நகரில் பொழுது சாய்ந்த பிறகு திடீரென்று காதைத் துளைக்கும் நீண்ட விசில் கேட்கும். புதிதாக வந்தவர்கள் ஏதோ ரயில் என்று நினைப்பார்கள். அது கமோத்தே வண்டி. தகர உருளையில் விறகு அடுப்பு, அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நேந்திரம் போன்ற பெரிய வாழைப்பழமும் வெந்துகொண்டிருக்கும். வண்டிக்காரர் நீராவியைத் திறந்துவிடும்போது எழும் சத்தம்தான் அது, நாலு தெரு தள்ளிக் கேட்கும். கிழங்கைப் பிளந்து மேலே கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தருவார். குளிர் நாளில் அதற்கு ஈடு கிடையாது.

வஹாக்காவில் பனிக்கூழ்க் கடைகளில் ‘லெச்சே கெமாதா’ கேளுங்கள். வேண்டுமென்றே அடிப்பிடிக்க வைத்த பாலில் செய்தது, புகை வாசம் தூக்கலாக இருக்கும். நம் வீட்டில் பால் அடிப்பிடித்தால் திட்டு விழும், அங்கே அதற்குக் காசு. கூடவே சிவப்புக் கள்ளிப்பழக் கூழ் ஒரு கரண்டி வைப்பார்கள். யுகாத்தானின் மெரிதா நகரில் இரவு வண்டிகளில் மார்கெஸீத்தா. மொறுமொறு அப்பத்தைச் சுருட்டி, உள்ளே துருவிய எடாம் பாலாடைக்கட்டி.

மேற்குக் கரை தனிக் கதை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஆசியாவின் மாம்பழமும் புளியும் தென்னையும் மெக்சிகோவில் வேர்பிடித்ததில் அந்த வழிக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றும் அங்கே ஒரு மாம்பழ வகைக்குப் பெயர் மணிலா. புளிக்கு மெக்சிகோ செய்த காரியம்தான் எனக்கு வியப்பு. புளியைச் சர்க்கரை, உப்பு, மிளகாய்ப் பொடி சேர்த்துப் பிசைந்து மிட்டாயாக்கிவிட்டார்கள். குழந்தைகள் பள்ளி விட்டதும் வாங்குவது இதைத்தான். புல்பரிந்தோ என்ற தட்டையான மிட்டாயை நம் ஊர்க்காரர் யாருக்குக் கொடுத்தாலும் இரண்டாவது கேட்பார்கள். கொலிமா ஊரில் தூபா என்று தோளில் சுரைக்குடுக்கையோடு வருவார்கள். தென்னம்பாளையைச் சீவி இறக்கிய இனிப்புச் சாறு. பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கற்றுக்கொடுத்த தொழில். மேலே நிலக்கடலையும் நறுக்கிய ஆப்பிளும் போட்டுத் தருவார்கள்.

புளி மிட்டாயில் ஒரு எச்சரிக்கை. 2000களின் தொடக்கத்தில் மெக்சிகோ மிட்டாய்கள் சிலவற்றில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டு அமெரிக்காவில் பெரிய விவகாரமானது. ஈயப் பூச்சுள்ள சிறு மண்கலயத்தில் அடைத்த புளி மிட்டாய் ஒரு காரணம். சரியாகக் கழுவாத மிளகாய், உறையின் அச்சு மை ஆகியவையும் பேசப்பட்டன. பெரிய நிறுவனங்கள் திருத்திக்கொண்டன. ஆனாலும் அழகாக இருக்கிறதென்று பளபளப்பான மண்கலய மிட்டாயைக் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள்.

சைவக்காரர்களுக்கு இப்போது நேரடியாகச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்கவை: அலெக்ரியா, பலங்கேத்தா, கடலை மசபான், ஆத்தே, மது சேர்க்காத கஹேத்தா, கமோத்தே. சான் லூயிஸ் பொத்தோசியில் கள்ளிப்பழச் சாற்றைக் காய்ச்சி அடித்துச் செய்யும் ‘கேசோ தெ தூனா’வும் சேரும். பெயரில் பாலாடைக்கட்டி இருக்கிறது, உள்ளே பால் ஒரு துளிகூட இல்லை. சந்தேகப்பட வேண்டியவை ரொட்டி, பிஸ்கட், புன்யுவேலோ, இனிப்புத் தமாலே. இவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். ‘தியெனே மந்தேக்கா?’ என்று கேட்டால் கடைக்காரர் மறைக்காமல் சொல்வார். கலர் கலராக அடுக்கிய ஜெலட்டின் இனிப்பு அங்கே எல்லா விருந்திலும் உண்டு, அது விலங்கிலிருந்து வருவது. சொங்கோஸில் பால் உறைய ரென்னெட் சேர்க்கிறார்கள், அது வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. வஹாக்காவின் நிக்குவாத்தோலே மக்காச்சோளத்தில் செய்த அருமையான களி. அதன் மேலிருக்கும் சிவப்பு, பழைய முறையில் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. மேல் அடுக்கை விட்டுவிடலாம், அல்லது வெள்ளையாகக் கேட்கலாம். முட்டை சாப்பிடாதவர்கள் தேங்காய்க் கொக்காதாவையும் விசாரித்து வாங்குங்கள், சில ஊர்களில் மஞ்சள் கரு சேர்ப்பார்கள்.

ஊர் ஊராகச் சுற்ற நேரமில்லையென்றால் மெக்சிகோ நகர மையத்தில், 5 தெ மாயோ தெருவில் துல்செரியா தெ செலாயா இருக்கிறது. 1874இல் தொடங்கிய கடை, கண்ணாடி அலமாரியில் நாட்டின் பாதி மிட்டாய் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விலை கொஞ்சம் அதிகம். மலிவாக மொத்தமாக வேண்டுமென்றால் லா மெர்செத் சந்தைப் பகுதியிலுள்ள அம்புதியா மிட்டாய்ச் சந்தைக்குப் போங்கள், கூட்டத்தில் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொண்டுவரும்போது கஹேத்தா புட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் அது திரவக் கணக்கில் வரும், எடுத்து வைத்துவிடுவார்கள். அலெக்ரியாவை ஈரக்காற்று படாமல் கட்டுங்கள். மசபானைத் துணிகளுக்கு நடுவில் வையுங்கள், தொட்டாலே உதிர்கிற சாதி அது. உறையை உடையாமல் பிரித்து முழு வட்டமாக எடுப்பதை மெக்சிகோவில் ஒரு பந்தயமாகவே வைத்திருக்கிறார்கள். சென்னை வந்து சேர்வதற்குள் பாதி தூளாகியிருந்தால் பாலில் கலக்கிக் குடித்துவிடுங்கள், அதுவும் அங்கே நடப்பதுதான்.